நகச்சுத்தி முதல் பூனைக் கீறல் வரை: வீட்டு வைத்தியம் எதுவரை?

இந்த முறை வந்த கேள்விகளில் பலவும் சின்னச் சின்னத் தொற்றுகளைப் பற்றியவை. நகக்கண்ணில் சீழ், கழுத்தில் கட்டி, காலில் சேற்றுப்புண், குழந்தைக்குக் காய்ச்சல். இவற்றில் பெரும்பாலானவை சோப்பு, தண்ணீர், வெந்நீர் ஒத்தடம், இரண்டு மூன்று நாள் பொறுமை ஆகியவற்றிலேயே ஆறிவிடும். சில ஆறாது. புண் பெரிதா சிறிதா என்று பார்த்து முடிவெடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். உடம்பில் எந்த இடத்தில் வந்திருக்கிறது, யாருக்கு வந்திருக்கிறது, நேற்றைக்கு இன்று எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்த மூன்றையும் ஒட்டியவை.

கேள்வி: நாள் முழுக்கப் பாத்திரம், துணி என்று தண்ணீரிலேயே கை. ஆள்காட்டி விரல் நகக்கண் வீங்கி இரண்டு நாளாக விண்விண்ணென்று தெறிக்கிறது. மாமியார் எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் செருகிவிட்டார். குளிர்ச்சியாக இருந்தது, வலி குறையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் கிழித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, மன்னார்குடி

பதில்: உங்களுக்கு வந்திருப்பது நகச்சுத்தி. நகத்தின் ஓரத்தில் சதை கிழிந்தாலோ, நகத்தைக் கடித்தாலோ, ஓரத்துத் தோலைப் பிய்த்தாலோ அந்தச் சிறு வழியாகக் கிருமி உள்ளே போகிறது. பெரும்பாலும் அது நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாதான்.

எலுமிச்சம்பழத்தை எடுத்துவிடுங்கள். அதன் குளிர்ச்சி சற்று நேரம் இதமாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் புளிப்புச் சாறு கிழிந்த தோலை மேலும் அரிக்கிறது. இரவு முழுக்க ஈரத்திலேயே ஊறிய தோல் வெளுத்துப் பிரிந்து, கிருமிக்கு வழி அகலமாகிறது. பழம் மூடியிருப்பதால் உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரிவதில்லை.

அதற்குப் பதிலாக ஒரு கிண்ணத்தில் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் எடுத்து, விரலை 15 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இப்படிச் செய்ய வேண்டும். உப்பு போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம், வேலை செய்வது சூடுதான். அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் கூடி, சீழ் தானே வெளியேற வழி கிடைக்கிறது. நடுவில் தண்ணீர் ஆறிவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்தபின் நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். குணமாகும்வரை பாத்திரம் தேய்ப்பதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். இந்த வைத்தியத்தில் பாதி அதுதான்.

சீழ் கட்டிவிட்டதா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். வலிக்கும் விரலின் நுனியைக் கட்டைவிரலோடு மெல்ல அழுத்துங்கள். நக ஓரத்தில் தனியாக ஒரு வெளுத்த திட்டு, எல்லை கட்டினாற்போல் தெரிந்தால் உள்ளே சீழ் தேங்கியிருக்கிறது. அப்போது ஒத்தடம் மட்டும் போதாது, சீழை வெளியேற்ற வேண்டும். நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய வேலை இல்லை அது. மருத்துவர் நகத்தை ஒட்டியுள்ள சதையை மெல்லத் தூக்கிவிடுவார், சீழ் வழிந்துவிடும். தேவைப்பட்டால் மரத்துப்போக ஊசி போடுவார். சீழ் வெளியேறிய சற்று நேரத்திலேயே அந்தத் தெறிப்பு அடங்கிவிடும். ஊக்கு, பிளேடு கொண்டு வீட்டில் குத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். கிருமியை ஆழத்துக்குத் தள்ளிவிடும்.

ஒத்தடம் தொடங்கி இரண்டு நாளில் குறையவில்லையென்றால் போய்க் காட்டுங்கள். நக ஓரத்தை விட்டு விரல் நுனியின் சதைப்பற்று முழுதும் கல்போல் இறுகி, தூங்கவிடாமல் வலித்தால் அன்றே போக வேண்டும். விரல் முழுதும் வீங்கி, மடங்கியே நின்று, நிமிர்த்தினால் உயிர் போகிறதா? அது தசைநாணின் உறைக்குள் தொற்று போயிருப்பதன் அடையாளம். விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. விரல் நிரந்தரமாக மடங்காமல் போய்விடும்.

நகக்கண்ணில் சீழுக்குப் பதில் சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் அது ஒரு வைரஸ், ஹெர்ப்பீஸ். அதைக் கீறவே கூடாது. இதே வைரஸால் வாய்ப்புண் உள்ளவர்கள், விரல் சூப்பும் குழந்தைகள் ஆகியோருக்கு இது வரும்.

பல விரல்களில் நகக்கண் தடித்து, மாதக்கணக்கில் விட்டு விட்டு வந்தால் அது வேறு வகை. தண்ணீர், சோப்புத்தூள் இவற்றால் நகத்துக்கும் தோலுக்கும் இடையே உள்ள மூடல் அழிந்துபோனதால் வருவது. ஆன்டிபயாடிக் மாத்திரை அதற்கு உதவாது. பருத்திக் கையுறை போட்டு அதன்மேல் ரப்பர் கையுறை அணிந்து வேலை செய்வதும், தோல் மருத்துவர் தரும் களிம்பும்தான் கைகொடுக்கும்.

கேள்வி: அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொண்டால் மஞ்சள்தூளோ காப்பித்தூளோ வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இரத்தம் உடனே நிற்கிறது. இது தவறா? ஒவ்வொரு வெட்டுக்கும் டி.டி. ஊசி போட வேண்டுமா? ஆறு மாதம்தான் தாங்கும் என்கிறார்களே?
– வாசகர், சிவகாசி

பதில்: தூள் வைத்தால் இரத்தம் நிற்பது, அது காயத்தை அடைத்துக்கொள்வதால். அதே வேலையைச் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்தினால் உங்கள் கையே செய்யும். இடையிடையே எடுத்துப் பார்க்கக் கூடாது. எடுக்க எடுக்க உறைந்தது பிய்ந்து மறுபடி ஒழுகும்.

மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் சமையலறை டப்பாவில் உள்ள தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல. ஈரக்கரண்டி பட்டது, மண்ணில் விளைந்து களத்தில் காய்ந்தது. காயத்தில் அப்பிக்கொண்டால் கழுவவும் வராது. சிவக்கிறதா, சீழ் வைக்கிறதா என்று நிறம் பார்க்கவும் முடியாது. காப்பித்தூள், சாம்பல், பற்பசை, சுண்ணாம்பு எல்லாவற்றுக்கும் இதுவே பதில்.

இரத்தம் நின்றபின் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, அதன் அடியில் காயத்தைக் குறைந்தது 5 நிமிடம் காட்டுங்கள். சுற்றியுள்ள தோலைச் சோப்பால் கழுவுங்கள். மண், துரும்பு இருந்தால் தண்ணீரின் வேகத்தாலேயே போகவிடுங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, தண்ணீர் கலக்காத கிருமிநாசினி இவற்றை நேராகக் காயத்தில் ஊற்றினால் கிருமியோடு புதிதாக வளர வேண்டிய திசுவும் வெந்துபோகும். புண் ஆறத் தாமதமாவதுதான் மிச்சம். கழுவித் துடைத்தபின் பெட்ரோலியம் ஜெல்லியோ போவிடோன் அயோடின் களிம்போ மெல்லிதாகத் தடவி, துணிக்கட்டுப் போட்டு, தினமும் மாற்றுங்கள். தைராய்டு தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அயோடின் களிம்பைத் தவிர்ப்பது நல்லது. 'காற்றாட விட்டால்தான் காயும்' என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பொருக்குத் தட்டிக் காய்ந்த புண்ணைவிட, மூடி ஈரப்பதத்தோடு வைத்த புண் விரைவாக ஆறும், தழும்பும் குறையும்.

காயத்தின் உதடுகள் பிளந்து நின்றாலோ, உள்ளே மஞ்சளாகக் கொழுப்புத் தெரிந்தாலோ, விரல் மரத்திருந்தாலோ, மடக்க முடியாவிட்டாலோ தையலுக்குப் போக வேண்டும். முடிந்தவரை 6 முதல் 8 மணி நேரத்துக்குள் போய்விடுங்கள்.

இப்போது ஊசி. ஆறு மாதம் என்பது தவறான கணக்கு. சிறுவயதுத் தடுப்பூசிகளை முழுதாகப் போட்டவருக்கு, சுத்தமான சிறு வெட்டு என்றால் கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு தாண்டியிருந்தால்தான் மறு ஊசி. மண், சாணி பட்ட காயம், துருப்பிடித்த ஆணி குத்திய ஆழமான காயம், கடி போன்றவற்றுக்கு 5 ஆண்டு தாண்டியிருந்தால் போட வேண்டும். இப்போது அரசு மருத்துவமனைகளில் டெட்டனஸுக்கு மட்டுமான டி.டி.க்குப் (TT) பதில், தொண்டை அடைப்பான் நோய்க்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் டி.டி. (Td) கலவை ஊசி போடுகிறார்கள். பள்ளியில் 10 வயதிலும் 16 வயதிலும் போடுவது அதுதான். பெண்களுக்குப் பிரசவ காலத்தில் போட்டிருப்பார்கள். 16 வயதோடு நின்றுபோன ஆண்கள்தான் நம் ஊரில் அதிகம் விடுபட்டவர்கள். போட்டோமா என்றே நினைவில்லாதவர்கள் ஒரு ஊசியோடு விடாமல் முழு வரிசையும் போட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது, 10 வருடமாகச் சர்க்கரை. பிடரியில் கட்டி வந்திருக்கிறது. வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டிப் போடுகிறோம். பழுத்து உடையும்வரை பொறுக்கலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: பொறுக்க வேண்டாம். நாளைக் காலைக்குள் காட்டிவிடுங்கள். காய்ச்சல் இருந்தால் இன்றே.

சர்க்கரை இல்லாத இளவயதுக்காரருக்குத் தொடையில் வரும் சூட்டுக்கட்டிக்கு நீங்கள் செய்வது சரிதான். வெற்றிலை இல்லாமல் வெந்நீரில் பிழிந்த துணியாலேயே 10-15 நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை ஒற்றினாலும் அதே பலன். பழுத்துத் தானாக உடையும். பிதுக்கக் கூடாது, உடைந்தபின் மூடிவைக்க வேண்டும். ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.

உங்கள் அப்பாவின் நிலை வேறு. பிடரித்தோல் தடிமனானது. அங்கே ஒரு மயிர்க்காலில் தொடங்கும் தொற்று மேலே வர வழியில்லாமல் அடியிலேயே பக்கவாட்டில் பரவி, பல கண்கள் வைத்துச் சீழ் கசியும். அதைத்தான் நம் பெரியவர்கள் ராஜபிளவை என்றார்கள். சர்க்கரை கூடினால் தொற்று பரவும், தொற்று இருந்தால் சர்க்கரை கூடும். ஒன்றை விட்டு ஒன்றை அடக்க முடியாது. மேலும் சர்க்கரைக்காரர்களுக்குச் சூடு உணர்வு மங்கியிருப்பதால், வாட்டிப் போடும் இலையே தோலைச் சுட்டுவிடும், அவருக்குத் தெரியாது. மருத்துவமனைக்குப் போகும்போது வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனையையும் எடுத்துச் செல்லுங்கள்.

சர்க்கரை இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஆண்டில் மூன்று நான்கு முறை கட்டி வந்தால் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தச் சர்க்கரை பாருங்கள். பலருக்கும் நீரிழிவு இப்படித்தான் முதலில் தெரியவருகிறது. மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் கட்டியை யாருமே பிதுக்கக் கூடாது. அந்த இடத்து இரத்தக்குழாய்கள் கண்ணின் வழியாக மூளைப் பக்கம் தொடர்பு உள்ளவை.

கேள்வி: கண்கட்டிக்கு நாமக்கட்டி உரசிப் போடலாமா?
– வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: வேண்டாம். அது களிமண். காய்ந்து உதிரும் துகள் கண்ணுக்குள் விழுந்து கருவிழியைக் கீறும். சுத்தமான துணியை வெந்நீரில் பிழிந்து, மூடிய இமைமேல் 10 நிமிடம் வையுங்கள், நாளைக்கு நான்கு முறை. ஒத்தடம் முடிந்ததும் இமை ஓரத்தை நோக்கி மெல்ல நீவிவிடுங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் அடங்கும். அதுவரை கண்மை, கான்டாக்ட் லென்ஸ் கூடாது. இமை முழுதும் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, பார்வை மங்கினாலோ, இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, கண்ணை அசைத்தால் வலித்தாலோ உடனே கண் மருத்துவரிடம் போங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. மெட்ராஸ் ஐக்கும் கண்கட்டிக்கும் அவற்றைத் தானாக ஊற்றிக்கொள்வது பார்வையோடு விளையாடுவது.

கேள்வி: தொடை இடுக்கில் படர்தாமரை. மருந்துக்கடையில் கொடுத்த கிரீம் போட்டால் மூன்று நாளில் அரிப்பு போகிறது, நிறுத்தினால் இன்னும் பெரிதாக வருகிறது. ஒரு வருடமாக இப்படித்தான். இப்போது மனைவிக்கும் வந்துவிட்டது.
– வாசகர், திருப்பூர்

பதில்: அந்த டியூபை எடுத்து, பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துக் கலவையைப் படியுங்கள். குளோபெடாசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டாசோன் இவற்றில் ஒன்று இருந்தால் இந்த ஒரு வருடப் போராட்டத்தின் காரணம் கிடைத்துவிட்டது. இவை ஸ்டீராய்டுகள். அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். அதே நேரம் பூஞ்சையை எதிர்க்கும் தோலின் சக்தியையும் அடக்கும். அரிப்பில்லை என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது பூஞ்சை அடியில் வளர்ந்துகொண்டிருக்கிறது. வளையமாக இருந்த தடிப்பின் வடிவமும் மாறிப்போவதால் மருத்துவரே சட்டென்று அடையாளம் காண முடியாது. நீண்ட நாள் போட்டால் தொடை இடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளந்த தழும்பு விழும். அது மறையாது. 2018-இல் இத்தகைய ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் வருத்தம்.

ஒரு வருடம் ஆகிவிட்டதாலும் மனைவிக்கும் வந்துவிட்டதாலும் நீங்கள் இருவரும் சேர்ந்து தோல் மருத்துவரிடம் போவதுதான் சரி. அந்த டியூபையும் கையோடு கொண்டுபோங்கள். ஓரத்தைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, மாத்திரை தேவையா என்று முடிவு செய்வார். வழக்கமான மருந்துக்கு அடங்காத பூஞ்சை வகையொன்று இந்தியாவில் பரவியிருப்பதால் சிகிச்சை சில சமயம் மாதக்கணக்கில் நீளும். ஸ்டீராய்டை நிறுத்திய முதல் வாரம் அரிப்பு முன்னைவிடக் கூடும், அதற்குப் பயந்து பழைய டியூபை மறுபடி எடுக்காதீர்கள்.

புதிதாக, ஓரிரு இடத்தில் மட்டும் வந்தவர்கள் வீட்டிலேயே தொடங்கலாம். குளோட்ரிமசோல் 1 சதவீதக் கிரீம், வேறெதுவும் கலக்காதது. குளித்து நன்றாகத் துடைத்தபின் காலையும் இரவும் தடவ வேண்டும். தடிப்பின் மேல் மட்டும் போட்டால் போதாது. பூஞ்சை வெளி ஓரத்தில்தான் உயிரோடு முன்னேறுகிறது. அதனால் விளிம்புக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை தடவுங்கள். தடிப்பு மறைந்த அன்று நிறுத்தாமல் மேலும் இரண்டு வாரம் தொடருங்கள். மொத்தம் நான்கு வாரம் போல ஆகும். பலருக்கும் திரும்பி வருவது இந்தக் கடைசி இரண்டு வாரத்தை விட்டுவிடுவதால்தான்.

துணி விஷயம் மருந்துக்குச் சமம். துண்டு, உள்ளாடை, லுங்கி எதையும் பகிரக் கூடாது. கொதிக்கும் சூட்டுக்கு அருகில் உள்ள வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பி வெயிலில் காயப்போட்டு, தையல் ஓரங்களில் இஸ்திரி போடுங்கள். இடுப்பில் கட்டும் அரைஞாண் கயிற்றில் ஈரமும் பூஞ்சையும் தங்கும். குணமாகும்வரை கழற்றிவையுங்கள். இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம்.

தலையிலும் நகத்திலும் வரும் பூஞ்சைக்குக் கிரீம் உள்ளே இறங்காது, மாத்திரைதான். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது. பார்லித் தண்ணீர், இளநீர் குடித்தால் போதுமா? போன முறை எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் நாலு மாத்திரை மீதம் இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

பதில்: பார்லித் தண்ணீரும் இளநீரும் சிறுநீரின் அளவைக் கூட்டி எரிச்சலைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. காய்ச்சல் இல்லாத, கர்ப்பமில்லாத, சர்க்கரை இல்லாத இளம்பெண்ணுக்கு இலேசான கடுப்பு என்றால் நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்காமல் ஒன்றிரண்டு நாள் பார்க்கலாம். சிலருக்குத் தானே அடங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும், கடையில் விற்கும் பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பும் ஆபத்து. பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பைக் கெடுக்கும்.

மீதமுள்ள நாலு மாத்திரையைத் தொடாதீர்கள். நாலு மாத்திரை கிருமியைப் பாதி கொன்று, மீதியைப் பழக்கப்படுத்தும். அதைவிட, அதன்பின் செய்யும் கல்ச்சர் பரிசோதனை (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது) எதையும் காட்டாது. அடிக்கடி வருகிறது என்பதால் உங்களுக்கு இந்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். மாத்திரை தொடங்கும் முன் மாதிரி எடுங்கள். அந்த இடத்தைத் தண்ணீரால் கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். அறைச்சூட்டில் கிடந்த மாதிரியில் கிருமி பெருகி, தவறான முடிவு வரும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்பக்கம் வலி, வாந்தி இவற்றில் ஒன்று வந்தாலும் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றே போக வேண்டும். கர்ப்பிணி, ஆண், குழந்தை, சர்க்கரைக்காரர் ஆகியோருக்கு நீர்க்கடுப்பு வந்தால் வீட்டில் பார்த்திருக்கவே வேண்டாம்.

பொதுவாக ஒன்று: மருந்து அட்டையின் இடப்பக்கம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டுக்கு மட்டும் உரியது. ஆன்டிபயாடிக்கைத் தானாக வாங்கும் பழக்கத்தைத் தடுக்க 2016-இல் இந்தக் கோட்டைப் பற்றிய பிரச்சாரத்தை மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கியது.

கேள்வி: நடவு வேலைக்குப் போகிறேன். கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் எப்போதும் இருக்கும். நேற்றிரவு நடுங்கிக் காய்ச்சல் வந்தது, இன்று கணுக்கால் சிவந்து சூடாக இருக்கிறது. எண்ணெய் தேய்த்து நீவிவிடலாமா?
– வாசகி, நன்னிலம்

பதில்: நீவ வேண்டாம். இதைப் படித்தவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புறப்படுங்கள். விரல் இடுக்கின் வெடிப்பு வழியே கிருமி தோலுக்கு அடியில் இறங்கிவிட்டது. இதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும், சிலருக்கு ஊசியாகவே வேண்டும். போகும் முன் ஒரு காரியம்: சிவப்பின் எல்லையைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, மணியைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்பது மருத்துவருக்குப் பெரிய தகவல். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். உட்காரும்போது காலை உயர்த்தி வையுங்கள். வலி சிவப்பை விட மிகக் கூடுதலாக இருந்தாலோ, தோல் கருநீலமானாலோ, கொப்புளம் வைத்தாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ 108-ஐ அழையுங்கள்.

குணமானபின் சேற்றுப்புண்ணை விட்டுவைக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்பால் கழுவி, ஒவ்வொரு விரலிடுக்கையும் தனித்தனியாகத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். குளோட்ரிமசோல் கிரீமை இரண்டு வேளை நான்கு வாரம் போடுங்கள். இடுக்கில் எண்ணெய் தடவினால் ஈரம் தங்கி மேலும் ஊறும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இப்படி நடுக்கக் காய்ச்சல் அடிக்கடி வந்து, ஒவ்வொரு முறையும் வீக்கம் கூடும். தினமும் கால் கழுவி உலர்த்துவது ஒன்றே அவர்களுக்கு மருந்துக்கு இணையான காப்பு.

கேள்வி: ஒன்றரை வயது மகனுக்கு நேற்றிலிருந்து 101 டிகிரி காய்ச்சல், மூக்கு ஒழுகுகிறது. எடை 10 கிலோ. வீட்டில் இரண்டு பாராசிட்டமால் சிரப் இருக்கிறது, ஒன்றில் 120, இன்னொன்றில் 250 என்று போட்டிருக்கிறது. எவ்வளவு கொடுப்பது? எப்போது கூட்டிப்போவது?
– வாசகி, தாம்பரம்

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள். இந்த இரண்டு புட்டிகளும் மாறிப்போவதால்தான் அளவு இரட்டிப்பாகிறது. 120 என்பது 5 மி.லி.யில் 120 மி.கி., 250 என்பது 5 மி.லி.யில் 250 மி.கி. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வரை கொடுக்கலாம். 10 கிலோவுக்கு 150 மி.கி. ஆகவே 120 புட்டியில் 6 மி.லி., 250 புட்டியில் 3 மி.லி. சொட்டு மருந்து வகையில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், அதை ஸ்பூனால் கொடுத்தால் பேராபத்து. வீட்டில் ஒரே ஒரு புட்டி வைத்துக்கொள்ளுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டாம், அளவு குறித்த சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். ஆறு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் கூடாது. கொடுத்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள், தாத்தா ஒரு முறை, நீங்கள் ஒரு முறை என்று இரட்டிப்பாகாது. சளி, இருமல் கலவை சிரப்களிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். 4 வயதுக்குக் கீழ் அந்தக் கலவைகள் தேவையே இல்லை.

டெங்கு உள்ள பருவத்தில் இபுபுரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் கொடுக்கக் கூடாது, இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலை முழுதாக இறக்கியே தீர வேண்டும் என்பதும் இல்லை. குழந்தை விளையாடி, பால் குடித்து, சிறுநீர் கழித்தால் போதும். கம்பளி சுற்றாதீர்கள், ஐஸ் தண்ணீரில் துடைக்காதீர்கள்.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்குக் கீழ் 60, 2 மாதம் முதல் 1 வயதுவரை 50, 1 முதல் 5 வயதுவரை 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால், அல்லது மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், நிமோனியாவாக இருக்கலாம். உடனே போங்கள். வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், குடித்ததெல்லாம் வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுத்தினால் மறையாத சிவப்புப் புள்ளிகள் இவற்றுக்கும் அதேதான். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே, வேறு அறிகுறி இல்லாவிட்டாலும், காத்திருக்கக் கூடாது.

எதுவும் இல்லாவிட்டாலும் மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் காட்டுங்கள். டெங்குவில் காய்ச்சல் விடும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடுதல் வந்தால் அது குணமல்ல. வயல், புதர் ஒட்டிய பகுதிகளில் காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் குழந்தையின் அக்குள், தொடை இடுக்கு, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத கருத்த பொருக்கு ஒன்று இருந்தால் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலின் அடையாளம் அது. தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது, சரியான மருந்து தொடங்கினால் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கும்.

கேள்வி: வீட்டில் வளர்க்கும் பூனை கையில் கீறிவிட்டது. இலேசான கோடுதான், ஒரு சொட்டு இரத்தம் வந்தது. சோப்பால் கழுவிவிட்டேன். பூனையைப் பத்து நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ள காயங்களிலேயே சிறியது உங்களுடையது, ஆனால் வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லாததும் இதுதான். வெறிநோய்க்கு அறிகுறி வந்தபின் மருந்தில்லை. குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவ வேண்டும். ஏற்கெனவே அவசரமாகக் கழுவியிருந்தால் மறுபடி கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கட்டு எதுவும் வேண்டாம். இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் இன்று (இதை 0-ஆம் நாளாகக் கணக்கிட வேண்டும்), பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். இரத்தம் வந்ததால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் உங்களுக்குத் தேவை. அதை நீங்களே கேளுங்கள், ஒரு சொட்டுதானே என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். முன்பே முழு வரிசையும் போட்டவர் என்றால் அந்தச் சீட்டைக் காட்டுங்கள், இன்றும் மூன்றாம் நாளுமாக இரண்டு ஊசி போதும். பூனையைப் பத்து நாள் கவனிப்பதை ஊசி தொடங்கியபின் செய்யலாம்.